அண்டாவுக்கு 5, நாற்காலிக்கு 18: ஒரு வாடகை மென்பொருளின் வரிக் கணக்கு

பித்தளை அண்டாவை வாடகைக்கு விட்டால் ஜிஎஸ்டி வரி 5 சதவீதம். அதே வண்டியில் அதே கல்யாண வீட்டுக்குப் போகிற பிளாஸ்டிக் நாற்காலிக்கு 18 சதவீதம். எங்கள் தொழிலில் இருக்கிற பலர் இன்னமும் "வாடகைன்னா மொத்தத்துக்கும் பதினெட்டுதான்" என்று பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக் கடைகளுக்கென்று விற்கிற மென்பொருள்களும் அந்த எண்ணத்துக்குத் தோதாகவே இருக்கின்றன. கணக்குத் தொடங்கியதும் "உங்கள் வரி எத்தனை சதவீதம்?" என்று ஒரே ஒரு கட்டம் வரும். அதில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தால், அன்று முதல் எல்லா பில்லும் தப்பாகத்தான் போகும். ஒன்று வாடிக்கையாளர் அதிகம் கொடுப்பார், இல்லையென்றால் நம் கையிலிருந்து போகும்.

எங்கள் கடை காரைக்குடியில். அப்பச்சி காலத்தில் பாத்திர வாடகை மட்டும்தான். கொப்பரை, அண்டா, தவலை, குண்டான், தாம்பாளம், எவர்சில்வர் வாளி என்று இருந்தது, இப்போது நாற்காலி, மேசை, ஜமக்காளம், ஜெனரேட்டர், பந்தல் வரை வந்துவிட்டது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டையும் கடை பெயரிலேயே கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் விடுகிறோம். கல்யாணம், சாந்தி, படைப்பு, வீடு குடிபுகுதல் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று ஓடும். நோட்டில் சமாளிக்க முடியாத அளவு வந்த பிறகுதான் மென்பொருளுக்கு மாறினோம்.

நாங்கள் எடுத்திருப்பது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. இணையத்தில் ஓடும், மாதச் சந்தா. பெயரை எழுதவில்லை. வாங்குவதற்கு முன் இதே வகையில் வேறு சிலவற்றையும் இலவச சோதனைக் காலத்தில் ஓட்டிப் பார்த்தேன். வரிப் பகுதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். நீங்கள் எதை வாங்கினாலும் கீழே எழுதுவது பொருந்தும்.

இருப்புக் கணக்கில் இந்த மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் பெரிய கொப்பரை கேட்டால் சிவப்பில் காட்டிவிடுகிறது. சாமான் திரும்பி வரும்போது பையன்கள் கைப்பேசியிலேயே எண்ணி டிக் போட்டுவிடுகிறார்கள், குறைகிற கரண்டி அங்கேயே தெரிந்துவிடும். இதற்காக மட்டுமே சந்தா கட்டலாம். ஆனால் கடைக்காரர் யாரும் இதைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ஜிஎஸ்டி வருமா, எப்படி வைப்பது என்பதுதான். அதையே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். பொருளின் உரிமையைக் கொடுக்காமல் பயன்படுத்த மட்டும் கொடுத்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி அது சேவை. சேவைகளை வகைப்படுத்தும் சாக் குறியீடு இதற்கு 9973. விகிதம் என்ன என்றால், அந்தப் பொருளை விற்றால் என்ன விகிதமோ அதேதான் வாடகைக்கும். 2019 அக்டோபர் 1 முதல் இது அறிவிக்கையில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஒவ்வொரு சாமானின் ஹெச்எஸ்என் எண்ணை, அதாவது பொருள்களை வகைப்படுத்தும் எண்ணை. பித்தளை, செம்புப் பாத்திரம் 7418, எவர்சில்வர் 7323, அலுமினியம் 7615. இவையெல்லாம் 2025 செப்டம்பர் 21 வரை 12 சதவீதம், 22ஆம் தேதியிலிருந்து 5. பிளாஸ்டிக் நாற்காலி, மேசை, ஜெனரேட்டர் எல்லாம் 18. ஜமக்காளம் 5. ஆள் வைத்துப் பந்தல் போட்டுக் கொடுப்பது பொருள் வாடகை இல்லை, அது தனிச் சேவை, 18.

பணத்தில் இது எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கல்யாணத்துக்குப் பித்தளைச் சாமான் வாடகை 12,000, நாற்காலி மேசை 8,000 என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் போட்டால் வரி 600 கூட்டல் 1,440, ஆக 2,040 ரூபாய். எல்லாவற்றுக்கும் 18 போட்டால் 3,600. கல்யாண வீட்டார் 1,560 ரூபாய் வீணாகக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 5 போட்டாலோ வரி 1,000தான் வரும். குறைகிற 1,040ஐ பிறகு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு நாம் கட்ட வேண்டும்.

மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது, ஆனால் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். அமைப்புகளுக்குள் போனால் "டாக்ஸ் ப்ரொஃபைல்" என்று ஒன்று வரும். அதில் 5க்கு ஒன்று, 18க்கு ஒன்று உருவாக்கி, ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் போய் எது என்று குறிக்க வேண்டும். சாமான் பட்டியலை எக்செல்லில் இறக்கி, ஒரு பத்தியில் மொத்தமாக நிரப்பித் திரும்ப ஏற்ற முடிகிறது. இதில் நான் செய்த ஓர் ஏற்பாட்டை எல்லோருக்கும் சொல்வேன். அந்த முதல் கட்டத்தில், அதாவது கடை முழுக்கப் பொருந்தும் பொது விகிதத்தில், 18 என்றோ 5 என்றோ போடவில்லை. 0 போட்டு, அதற்கு "வரி குறிக்கவில்லை" என்று பெயர் வைத்தேன். புதிதாக ஒரு சாமான் சேர்த்துவிட்டு விகிதம் குறிக்க யாராவது விட்டுவிட்டால், மதிப்பீட்டிலேயே "வரி குறிக்கவில்லை" என்று தமிழில் ஒரு குறிப்பு பளிச்சென்று நிற்கும். பில் வெளியே போகும் முன் கண்ணில் பட்டுவிடும். 18 போட்டிருந்தால் அது சத்தமில்லாமல் போயிருக்கும்.

அடுத்தது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. மாநிலத்துக்குள் நடக்கும் வியாபாரத்தில் ஜிஎஸ்டி பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு என்று இப்படி இரண்டாகப் பிரியும். இந்த மென்பொருள் அமெரிக்க விற்பனை வரியை மனதில் வைத்துச் செய்தது. அங்கே நாடு முழுதுக்குமான விற்பனை வரி கிடையாது. மாநிலம் ஒன்று போடும், பல இடங்களில் கவுண்டி ஒன்று, நகரம் ஒன்று என்று மேலே சேரும். அதனால் ஒரு ப்ரொஃபைலுக்குள் பல வரிகளை வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள், அது நமக்கு நல்ல வசதியாகப் போயிற்று. 18க்கு உள்ளே 9, 9 என்றும், 5க்கு உள்ளே 2.5, 2.5 என்றும் வைத்தால் பில்லில் இரண்டும் தனித்தனியாக அச்சாகின்றன.

ஆனால் அங்கே "காம்பவுண்ட்" என்று ஒரு சிறு சதுரம் இருக்கும். அதை டிக் செய்யவே கூடாது. செய்தால் இரண்டாவது வரி, முதல் வரியையும் சேர்த்த தொகை மீது விழும். 10,000 ரூபாய்க்கு சிஜிஎஸ்டி 900, அப்புறம் எஸ்ஜிஎஸ்டி 10,900 மீது 981. மொத்தம் 1,881. வர வேண்டியது 1,800. வரி மீது வரி நம் ஜிஎஸ்டியில் கிடையாது. நான் பார்த்த ஒரு மென்பொருளில் இரண்டாவது வரி சேர்த்த உடனேயே அந்தச் சதுரம் தானாக டிக் ஆகி நின்றது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். 10,000 ரூபாய்க்கு ஒரு சோதனை பில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

வரி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்பதிலும் இதே போல ஒரு சோதனை தேவை. 1,180 ரூபாயை வரி சேர்த்த விலை என்று குறித்தால் உள்ளே இருக்கும் வரி 180தான், 1,180இல் 18 சதவீதமான 212 ரூபாய் 40 காசு இல்லை. இந்த மென்பொருள் அதைச் சரியாகச் செய்கிறது. தள்ளுபடியையும் வரிக்கு முன்னாலேயே கழிக்கிறது. பில்லிலேயே காட்டுகிற தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி என்பதே நம் சட்டமும். இந்த இரண்டிலும் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

"கல்யாண செட்" என்று ஒரே விலை வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மென்பொருளில் "பண்டில்" என்று ஒரு வசதி உண்டு. அண்டா, குண்டான், நாற்காலி, மேசை எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி, ஒரே விலை, ஒரே வரி விகிதம் வைக்கலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று இயல்பாகச் சேராத பொருள்களை ஒரே விலைக்குக் கொடுத்தால் சட்டம் அதைக் கலப்பு வழங்கல் என்று எடுத்துக்கொள்ளும். கலப்பு வழங்கலுக்கு அதில் இருப்பதிலேயே அதிக விகிதம் மொத்தத்துக்கும் பொருந்தும். அதாவது நாற்காலியால் அண்டாவுக்கும் 18. நாங்கள் பண்டில் வசதியைக் கோடவுனில் சாமான் எடுத்து வைக்கிற பட்டியலுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். விலையும் வரியும் பொருள் வாரியாகவே பில்லில் வரும்படி ஓர் அமைப்பு இருக்கிறது, அதைத் தேடி மாற்றிவிடுங்கள்.

இப்படிப் பிரித்துப் போட்ட பில்லைப் பார்த்து தேவகோட்டை ஆச்சி ஒருவர் கடைக்கே வந்துவிட்டார்கள். பேரன் கல்யாணம். "தம்பி, அண்டாவுக்கு அஞ்சு, நாற்காலிக்குப் பதினெட்டா? ஒரே கடை, ஒரே வண்டியிலதான வருது?" என்று கேட்டார்கள். திரையைத் திருப்பிக் காட்டினேன். "ஆச்சி, நீங்க இதையெல்லாம் கடையில விலைக்கு வாங்கினா என்ன வரியோ, வாடகைக்கும் அதே வரிதான். முன்னாடி பாத்திரத்துக்குப் பன்னெண்டு இருந்துச்சு, இப்பக் குறைச்சிருக்காங்க." ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்கள். பிறகு எவர்சில்வரில் கேட்டிருந்த சில உருப்படிகளை "பித்தளையாவே போட்டுரு, பார்வையா இருக்கும்" என்று மாற்றிவிட்டுப் போனார்கள். பில் படித்தால் புரிகிற மாதிரி இருப்பது வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன். இந்த மென்பொருளின் பில் அந்த அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. தமிழ் எழுத்தும் உடையாமல் அச்சாகிறது.

இனி குறைகள். முதல் குறை டெபாசிட். சாமான் திரும்பி வந்ததும் கொடுத்துவிடுகிற பணம் அது. சட்டப்படி, நாமாக எடுத்து வாடகையில் வரவு வைத்துக்கொள்ளும் வரை அது விலையே இல்லை, அதற்கு வரியும் இல்லை. ஆனால் மென்பொருளில் டெபாசிட் மீது வரி போடும் அமைப்பு வாங்கும்போதே திறந்திருக்கிறது. 10,000 டெபாசிட்டுக்கு 1,800 வரி காட்டும். இதை மூடிவிடலாம், ஆனால் அது டாக்ஸ் பக்கத்தில் இல்லை, பேமென்ட் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

உடைந்ததுக்கும் காணாமல் போனதுக்கும் பிடிக்கிற தொகை இன்னொன்று. ஜிஎஸ்டி துறையின் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கை, வெறும் இழப்பீடாக மட்டும் வாங்கும் தொகை ஒரு சேவைக்கான விலை ஆகாது என்கிறது. எங்கள் ஆடிட்டர் சொன்னபடி அதற்கு வரியில்லாத ப்ரொஃபைல் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். தாமதமாகத் திருப்பினால் வாங்கும் கூடுதல் நாள் வாடகை இதில் சேராது, அது வாடகைதான். அந்தந்தப் பொருளின் விகிதமே அதற்கும்.

அட்வான்ஸ் விஷயத்தில் மென்பொருள் நிஜமாகவே கைவிடுகிறது. பொருளை விற்பவர்களுக்கு அட்வான்ஸ் மீது வரி கிடையாது. நாம் செய்வது சேவை என்பதால் நமக்கு உண்டு. ஐப்பசியில் வாங்கும் அட்வான்ஸுக்கு, கல்யாணம் தையில் இருந்தாலும், வாங்கிய காலத்துக் கணக்கிலேயே வரி காட்ட வேண்டும், ரசீது வவுச்சரும் கொடுக்க வேண்டும். மென்பொருளுக்கு இது தெரியாது. பணம் வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும், கடைசி பில்லில்தான் வரியைக் கணக்கிடும். மாதக் கடைசியில் "பில் போடாமல் வந்த பணம்" என்ற அறிக்கையை இறக்கி ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்புகிறோம். அவர்கள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தில் 11ஏ பட்டியலில் ஏற்றி, பில் வந்த பிறகு 11பி-யில் கழிக்கிறார்கள். இதைவிட முக்கியமாக ஒன்று. அட்வான்ஸ் வாங்கும்போது என்ன சாமான் என்றே முடிவாகவில்லை, விகிதம் தெரியவில்லை என்றால் 18 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஜிஎஸ்டி விதி 50. ஆகவே தோராயமாகவாவது ஒரு பட்டியலை மென்பொருளில் போட்டுவிட்டு அட்வான்ஸைக் கையில் வாங்குங்கள்.

வெளி மாநிலக் கணக்கு செட்டிநாட்டில் தள்ள முடியாத ஒன்று. பாதிக் குடும்பங்கள் பெங்களூரிலும் மும்பையிலும் இருந்துகொண்டு இங்கே கல்யாணம் செய்கிறார்கள். படப்பிடிப்புக்குக் கேரளத்திலிருந்தும் வருகிறார்கள். பாத்திர வாடகைக்கு வாடிக்கையாளர் எந்த மாநிலம் என்பதே கணக்கு. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அவர் பதிவு பெற்ற மாநிலம், இல்லையென்றால் நம் பதிவேட்டில் உள்ள அவர் முகவரி. தமிழ்நாடு என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. வேறு என்றால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரத்துக்கான பிரியாத ஒரே வரி. மென்பொருள் முகவரியைப் பார்த்துத் தானே மாற்றிவிடும், அது நல்ல வசதி. ஆனால் எந்த முகவரி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சாமான் இறக்கும் முகவரி என்றுதான் அது வைத்திருக்கும். நமக்கு வேண்டியது பில் முகவரி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கமே மாநிலத்தைச் சொல்லிவிடும், நமக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. மென்பொருள் அதைப் படித்துச் சரிபார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு சிக்கல். கேரளப் படக் கம்பெனி எங்கள் வீட்டையும் எடுக்கிறது, பித்தளைச் சாமானையும் எடுக்கிறது என்றால், சாமானுக்கு ஐஜிஎஸ்டி, வீட்டுக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. ஏனென்றால் கட்டடம் சம்பந்தப்பட்ட சேவைக்குக் கட்டடம் எங்கே நிற்கிறதோ அந்த ஊர்தான் கணக்கு. ஒரே ஆர்டருக்குள் இரண்டு மாநில விதியை இந்த மென்பொருளால் வைக்க முடியாது. அதனால் வீட்டுக்குத் தனி ஆர்டர், சாமானுக்குத் தனி ஆர்டர் என்று போடுகிறோம். உதவி மையத்துக்கு எழுதியபோது மரியாதையாகப் பதில் வந்தது, குறிப்பில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

எனக்கு மிகப் பெரிய மனக்குறை, விகிதத்துக்குத் தேதி வைக்க முடியாதது. 2025 செப்டம்பர் 22 அன்று பாத்திரங்கள் 12இலிருந்து 5க்கு இறங்கின. பழைய 12ஐத் திருத்தி 5 என்று மாற்றினால், முடிக்காமல் கிடக்கும் பழைய ஆர்டர்களிலும் வரி மாறிவிடுகிறது. நல்ல வேளையாக அது புரட்டாசி, கல்யாணம் குறைவு, நிதானமாக உட்கார்ந்து பார்க்க முடிந்தது. பழைய ப்ரொஃபைலைத் தொடாமல் "பாத்திரம் 5" என்று புதிதாக ஒன்று உருவாக்கி, சாமான்களை அதற்கு மாற்றினேன். ஐப்பசிக் கல்யாணங்களுக்கு முன்பே அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். விழாவும் பில்லும் 22க்குப் பிறகு என்றால் ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 14இன்படி புது விகிதம்தான், அந்த ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து புதிய ப்ரொஃபைலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. நம் நாட்டில் வரி விகிதம் மாறிக்கொண்டேதான் இருக்கும். "இந்தத் தேதி வரை இது, இந்தத் தேதியிலிருந்து இது" என்று ஒரு வசதி இல்லாத மென்பொருளை இந்தியாவில் விற்கவே கூடாது என்பேன்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர்களுக்கும், 50 லட்சத்துக்குள் இருந்து, வரவு மீது ஒரே விகிதமாக 6 சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் வரிப் பகுதி தேவையே இல்லை. காம்போசிஷனில் இருப்பவர் பில்லில் வரி வசூலிக்கவே கூடாது. அவர்களுக்கு இருப்புக் கணக்கு மட்டும் பார்க்கிற சின்ன மென்பொருள் போதும். என்னைப் போல ஐந்தும் பதினெட்டும் கலந்து, வெளி மாநில வாடிக்கையாளரும் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம், முதல் பில் போடும் முன் ஆடிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லா அமைப்பையும் பார்த்துவிடுவதாக இருந்தால்.

பில் எண்ணுக்கு முன்னொட்டு வைக்கும்போது மொத்தம் 16 எழுத்துக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் விதி அனுமதிக்காது. சாக் குறியீட்டுக்குத் தனி இடம் இல்லை, பொருளின் விவரத்திலேயே 9973 என்று எழுதி வைத்திருக்கிறேன். எக்செல்லில் இறக்கினால் ஆடிட்டர் ஆபீசில் டேலியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

அப்புறம் அந்த மாதச் சந்தா. வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்டுவதால் அது சேவை இறக்குமதி. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அதன் மீது 18 சதவீத ஐஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதிலாக வாங்குபவர் கட்டும் முறையில், தாங்களே கட்ட வேண்டும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் உள்ளீட்டு வரி கிரெடிட்டில் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதையே உள்ளீட்டு வரியாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய மற்ற வரியில் கழித்துக்கொள்ளலாம். கணக்குத் தொடங்கும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் உங்களைச் சாதாரண நுகர்வோர் என்று நினைத்து அவர்களே வரி சேர்த்துவிடுவார்கள், அந்த வரியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது.